தலைப்பு ரிப்பீட் ஆகட்டும்: பொறியியல் கல்லூரித் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கணினித் துறைத் தலைவர்களுக்கும் புராஜெக்ட் ஒருங்கிணைப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் கல்லூரிகளில் ஒன்றில் படித்துவிட்டு, பதினெட்டு ஆண்டுகளாக மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் நான். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை என்னை ‘இண்டஸ்ட்ரி எக்ஸ்பர்ட்’ என்று கூப்பிட்டு, இறுதியாண்டு மாணவர்களின் புராஜெக்ட் ரெவ்யூவில் உட்கார வைக்கிறீர்கள். பொன்னாடை போர்த்துகிறீர்கள். மதியம் நல்ல சாப்பாடும் உண்டு. சாப்பிட்ட வீட்டில் குறை சொல்லக் கூடாது என்பார்கள். ஆனாலும் மனசு கேட்கவில்லை, ‘புராஜெக்ட் தலைப்பு ரிப்பீட் ஆகக் கூடாது’ என்ற உங்கள் விதியைப் பற்றி எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு அப்படிப் போன ஒரு கல்லூரியில் நடந்தது இது. பெயர் வேண்டாம், எங்கே வேண்டுமானாலும் நடக்கக்கூடியதுதான். நான்கு பேர் கொண்ட அணி. முகத்தைப் பார்த்து அட்டெண்டன்ஸ் போடும் செயலி. ஸ்லைடுகள் பிரமாதம். நான் ஒரே ஒரு வேலை கொடுத்தேன். “லாகின்னு இருக்கிற அந்தப் பொத்தானை ‘உள்நுழை’ன்னு மாத்திக் காட்டுங்க தம்பி.” நால்வரும் மடிக்கணினியைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஒரு ஃபோல்டரைத் திறந்தார்கள், மூடினார்கள். இன்னொன்றைத் திறந்தார்கள். கால் மணி நேரம் ஓடியது. கடைசியில் ஒரு பையன், “சார், அது லைப்ரரிக்குள்ள இருக்கு சார், மாத்த முடியாது” என்றான். வேறு யாரோ எழுதிய ஆயத்த நிரலைச் சொல்கிறான். கைடாக இருந்த ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் கைடைப் பார்த்தேன். அடுத்த அணியைக் கூப்பிட்டோம்.

அந்தப் பையன்களைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. 2007-ல் என் இறுதியாண்டு புராஜெக்டும் விலைக்கு வாங்கியதுதான். நான்கு பேர் ஆளுக்கு இரண்டாயிரம் போட்டோம். தி. நகரில் ஒரு கடையின் மாடி. ஐஇஇஇ என்ற பொறியாளர் சங்கத்தின் ஆய்வுக் கட்டுரை, கோடு (அதாவது நிரல்), ரிப்போர்ட், இரண்டு நாள் ‘எக்ஸ்பிளனேஷன் கிளாஸ்’ எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ். கருநீல ரெக்சின் அட்டை, தங்க எழுத்து, பின்னட்டையில் சிடி உறை. வைவா என்ற வாய்மொழித் தேர்வில் எனக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு. அந்த சிடியை இன்றுவரை யாரும் திறந்திருக்க மாட்டார்கள். இப்போது வரும் மடிக்கணினிகளில் சிடி போட இடமே இல்லை. ஆனால் பல துறைகளில் இன்னும் சிடி கேட்கிறீர்கள், அது வேறு கதை.

நான் சொல்ல வந்தது, அந்த ரெவ்யூ முடிந்து காரிடாரில் நடந்தது. அணியில் இருந்த மாணவி பின்னாலேயே வந்தாள். “சார், மூணு வருஷம் முன்னாடி எங்க சீனியர்ஸ் காலேஜ் பஸ் எங்க வருதுன்னு காட்டுற ஆப் பண்ணாங்க. கொஞ்ச நாள் நல்லா ஓடுச்சு. பஸ் மேம்பாலத்துக்கு அடியில போனா புள்ளி எங்கேயோ தாவிடும். அதைச் சரி பண்ணி, டிரைவர் ஃபோன்ல பேட்டரி குறையாம பண்ணலாம்னுதான் முதல்ல போனோம். டைட்டில் ரிப்பீட் ஆகுது, வேற கொண்டு வாங்கன்னுட்டாங்க.”

அதனால் அட்டெண்டன்ஸ் செயலி. தமிழ்நாட்டில் எத்தனை கல்லூரிகளில் அதே செயலி வருஷா வருஷம் வருகிறதோ தெரியாது. அந்தக் கல்லூரியில் அந்த ஆண்டு அது முதல் தடவை. ஆகவே ரிப்பீட் இல்லை.

‘தலைப்பு ரிப்பீட் ஆகக் கூடாது’ என்ற அந்த ஒரு விதியை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். காப்பி அடிப்பதைத் தடுக்கத்தான் அந்த விதி வந்தது, புரிகிறது. ஆனால் அது தடுத்துக்கொண்டிருப்பது வேறு ஒன்றை.

உங்கள் லேபில் எல்லாக் கணினியிலும் ஆரஞ்சு நிறப் போக்குவரத்துக் கூம்பு ஒன்று இருக்கும். விஎல்சி வீடியோ பிளேயர். அதில் படம் பார்க்காத மாணவன் உண்டா? அது ஒரு கல்லூரி மாணவர் புராஜெக்ட். பாரிஸ் புறநகரில் எகோல் சென்ட்ரால் என்ற பொறியியல் கல்லூரி. அங்கே விடுதி நெட்வொர்க்கை மாணவர்களே நடத்திவந்தார்கள். 1990களின் நடுவில் அது பழைய டோக்கன் ரிங் நெட்வொர்க், ஆமை வேகம். பையன்களுக்கு வேகமான நெட்வொர்க் வேண்டும். எதற்கு? கேம் விளையாடத்தான். கல்லூரி நிர்வாகம், காசு வேண்டுமானால் போய்த் தொழில் நிறுவனங்களைக் கேளுங்கள் என்று கைகாட்டிவிட்டது. கேட்கப்போன இடத்தில் ஒரு யோசனை கிடைத்தது: ஒவ்வொரு அறைக்கும் ஒரு டிஷ், ஒரு டிகோடர் என்று வைப்பதற்குப் பதில், பெரிய டிஷ் ஒன்றை மட்டும் வைத்து, சாட்டிலைட் டிவியை நெட்வொர்க் வழியாக எல்லா அறைக்கும் அனுப்பிக் காட்டினால் என்ன? வீடியோ போக வேண்டுமென்றால் நெட்வொர்க் வேகமாக இருந்தே ஆக வேண்டும். பையன்கள் கெட்டிக்காரர்கள், பிடித்துக்கொண்டார்கள். 1996-ல் வீடியோலேன் என்ற புராஜெக்ட் பிறந்தது.

நம் ஊர்க் கணக்குப்படி கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். டெமோ காட்டியாயிற்று, மார்க் வாங்கியாயிற்று, ரெக்சின் அட்டை போட்டு பீரோவில் வைக்க வேண்டியதுதான். அங்கே என்ன ஆனது? 1998-ல் அடுத்த செட் மாணவர்கள் அதே புராஜெக்டைக் கையில் எடுத்து முதலிலிருந்து திருப்பி எழுதினார்கள். அதே தலைப்பு. யாரும் வேறு கொண்டு வா என்று சொல்லவில்லை. அப்புறம் 2001 பிப்ரவரி 1-ம் தேதி, கல்லூரி இயக்குநரின் ஒப்புதலோடு அது, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்ற ஜிபிஎல் உரிமத்தில் உலகத்துக்கே திறந்துவிடப்பட்டது. வெளியாட்கள் வந்து சேர்ந்தார்கள், வேறு வேறு இயங்குதளங்களுக்குக் கொண்டுபோனார்கள். அதே கல்லூரியில் பின்னால் படிக்க வந்த ஜான் பாப்டிஸ்ட் கெம்ப் என்பவர் பிற்பாடு பொறுப்பேற்று, கல்லூரியிலிருந்து பிரித்து, லாப நோக்கமில்லாத அமைப்பாக மாற்றினார். 600 கோடி தடவைக்கு மேல் தரவிறக்கப்பட்டிருக்கிறது. இன்னும் விளம்பரம் கிடையாது.

இதில் என்னை உறுத்துவது அந்த இயக்குநரின் கையெழுத்துதான். மென்பொருள் எழுதியது மாணவர்கள். ஆனால் கல்லூரித் தலைமை ‘சரி, வெளியே விடுங்கள்’ என்று சொல்லாமல் இருந்திருந்தால், அந்தக் கூம்பை நாம் பார்த்தே இருக்க மாட்டோம். அந்த இயக்குநர் உட்கார்ந்திருந்த மாதிரி நாற்காலியில்தான் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

சரி, விஎல்சி ஏதோ தப்பிப் பிறந்த ஒன்று என்று சொல்வீர்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைப் பாருங்கள், நீங்களே டிபிஎம்எஸ் லேபில் சொல்லிக் கொடுப்பதுதான். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1970களில் இன்கிரெஸ் என்றொரு தரவுத்தளம் கட்டினார். 1986-ல் மறுபடியும் ஒரு தரவுத்தளம் ஆரம்பித்தார். அதன் பெயரே ‘இன்கிரெஸுக்குப் பின்’ என்ற பொருளில் போஸ்ட்கிரெஸ். தலைப்பை முடிவு செய்யும் நம் ஜீரோத் ரெவ்யூவுக்கு வந்திருந்தால், “சார் ஏற்கெனவே இதைப் பண்ணிட்டீங்களே” என்று திருப்பி அனுப்பியிருப்போம். பிறகு பல்கலைக்கழகம் அந்த ஆய்வை முடித்துக்கொண்டது. 1994-ல் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்ற இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள், கைவிடப்பட்ட அந்த நிரலை எடுத்து, தரவைக் கேட்டு வாங்கும் எஸ்க்யூஎல் மொழியைச் சேர்த்தார்கள். அடுத்து ஊர் பேர் தெரியாத தன்னார்வலர்கள் எடுத்துக்கொண்டு 1996-ல் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்று பெயர் மாற்றினார்கள். இன்று என் நிறுவனத்தில் வாடிக்கையாளரின் ஒவ்வொரு ரூபாய்க் கணக்கும் அதில்தான் இருக்கிறது. ஸ்டோன்பிரேக்கருக்கு கணினித் துறையின் உயரிய டூரிங் விருது 2014-ம் ஆண்டுக்கு கிடைத்தது. ரிப்பீட் அடித்ததற்குத்தான்.

லினக்ஸ் இயங்குதளம் 1991-ல் வந்தபோது, பாடம் நடத்துவதற்கென்று ஆண்ட்ரூ டானன்பாம் எழுதிய மினிக்ஸ் என்ற இயங்குதளம் இருந்தது. ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதில் வேலை பார்த்துக்கொண்டேதான் தன்னுடையதை எழுத ஆரம்பித்தார். வலைத்தளம் கட்டும் வேர்ட்பிரஸ் கதை இன்னும் மோசம். பி2 என்று ஒரு வலைப்பதிவு மென்பொருள் இருந்தது. அதை எழுதியவரைக் கொஞ்ச காலமாகக் காணோம். கல்லூரிப் பையனான மேட் மல்லன்வெக்குக்கு அப்போது வயது 19. இங்கிலாந்திலிருந்த மைக் லிட்டிலோடு சேர்ந்து அந்த நிரலை அப்படியே எடுத்துத் தொடர்ந்தார். 2003 மே மாதம் முதல் பதிப்பு. இன்று உலகின் வலைத்தளங்களில் ஐந்தில் இரண்டுக்கு மேல் அதில் ஓடுகின்றன. உங்கள் கல்லூரித் தளமும் அதிலேயே இருக்கக்கூடும், ஃபூட்டரைப் பாருங்கள்.

புதிதாக ஏதாவது கண்டுபிடி என்று இருபது வயசுப் பையனிடம் நாம் சொல்கிறோம். நான் சொன்ன கதைகளில் பெரும்பாலும் பெரிய தளமாக வளர்ந்தது, இன்னொருவன் விட்ட இடத்திலிருந்து ஒருவன் எடுத்ததுதான். கல்லூரி என்ற இடத்துக்கு இந்த விஷயத்தில் வேறு எவருக்கும் இல்லாத வசதி ஒன்று இருக்கிறது. வருஷா வருஷம் அறுபது, நூற்றிருபது புதுக் கைகள் தானாக வந்து சேருகின்றன. நிறுவனங்களில் ஒரு ஆளைப் பிடிக்க நாங்கள் தலைகீழாக நிற்கிறோம். நீங்களோ அந்தக் கைகளை எல்லாம் பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பிக்க வைத்து, பூஜ்ஜியத்திலேயே முடிக்கவும் வைக்கிறீர்கள்.

அடுத்தவன் நிரலைத் தொடுவதில் மாணவன் என்ன கற்றுக்கொள்வான் என்று என்னிடம் ஒரு பேராசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. என் கதையைச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்து நான்கு வருஷம் கழித்து, 2011-ல், ஒரு தமிழ் பிடிஎஃப் கோப்பிலிருந்து பத்தி ஒன்றைக் காப்பி செய்தேன். ஒட்டிய இடத்தில் ‘கொ’ இருக்க வேண்டிய இடமெல்லாம் ஒற்றைக்கொம்பு தனியாக முன்னால் நின்றது, அதற்குப் பின் ‘கா’. கோப்புக்குள் ‘கொடி’ என்று தேடினால் கிடைக்கவில்லை, கண் முன்னால் இருக்கிறது. காரணம் எளிது. கணினியில் எழுத்தைச் சேமிக்கும்போது முதலில் க, அதன் பின் ‘ஒ’கரக் குறி. ஆனால் திரையில் வரையும்போது கொம்பு முதலில், அப்புறம் க, அப்புறம் கால். பிடிஎஃப் பெரும்பாலும் வரைந்த வரிசையைத்தான் வைத்துக்கொள்ளும். நான் பயன்படுத்தியது, நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய ஒரு திறமூலக் கருவி. மூல நிரல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கொம்பைத் தூக்கிப் பின்னால் வைக்கும் நாற்பது வரி எழுதினேன். என் கணினியில் ஓடியது. பெருமை தாங்கவில்லை.

அதை அந்தக் கருவியைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்ப நான்கு வரி ஆங்கிலக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. இரண்டு நாள் ஆனது. தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு அந்த இரண்டு நாள் புரியும். பதில் மறுநாளே வந்தது. எனக்கு முகம் தெரியாத ஒருவர், என் ஆங்கிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, நேராக விஷயத்துக்கு வந்தார். மூன்று கேள்விகள். மலையாளத்திலும் வங்காளத்திலும் இதே போல முன்னால் நிற்கும் குறிகள் இருக்கின்றனவே, அங்கே என்ன ஆகும்? ஏற்கெனவே சரியான வரிசையில் எழுத்து இருக்கும் பிடிஎஃப் வந்தால், உன் திருத்தம் அதைக் கெடுத்துவிடாதா? இது சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் டெஸ்ட் நிரல் எங்கே?

மூன்றையும் நான் யோசித்திருக்கவில்லை. இரண்டாவது கேள்வி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. சரியாக இருந்த கோப்பை நான் உடைத்திருப்பேன். ஏழு வாரம், ஐந்து சுற்று. என் நாற்பது வரி இருபத்தைந்தாகச் சுருங்கியது. டெஸ்ட் மட்டும் அறுபது வரிக்கு வளர்ந்தது. கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு வேலை செய்தால் போதும் என்பதற்கும், முன்பின் தெரியாத லட்சம் பேருக்கு வேலை செய்ய வேண்டும் என்பதற்கும் உள்ள தூரத்தை அந்த ஏழு வாரத்தில்தான் பார்த்தேன். நான்கு வருஷக் கல்லூரியில் என் நிரலை யாரும் ஒரு வரிகூடப் படித்ததில்லை. ரிப்போர்ட்டின் மார்ஜினை ஸ்கேல் வைத்து அளந்தார்கள்.

தமிழில் இந்த மாதிரி வேலை மலைபோல் கிடக்கிறது. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்ன என்று பைத்தான் நிரல்மொழியைக் கேளுங்கள். இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணி 5 என்று சொல்லும். நமக்கு மூன்று எழுத்து. அதற்கு ஓப்பன்-தமிழ் போன்ற நிரல் நூலகங்கள் இருக்கின்றன, அவற்றுக்குக் கை தேவை. ஸ்கேன் செய்த பழைய புத்தகத்தை, படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் கருவியிடம் கொடுத்து, எந்த எழுத்தில் தடுமாறுகிறது என்று பட்டியல் போட்டாலே அது ஒரு உருப்படியான புராஜெக்ட். மொசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டத்தில் தமிழுக்குக் குரல் சேகரிக்கிறார்கள். அதில் நெல்லைத் தமிழ் எவ்வளவு, கொங்குத் தமிழ் எவ்வளவு? உங்கள் விடுதியில் எல்லா ஊர்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இதற்கெல்லாம் ஐஇஇஇ கட்டுரை தேவையில்லை.

இனி, நான் பயப்படும் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்த மடலைப் படித்துவிட்டு யாராவது, “இனி ஒவ்வொரு மாணவனும் ஐந்து புல் ரிக்வெஸ்ட் (திறமூலத் திட்டத்துக்கு அனுப்பும் திருத்தம்) அனுப்பினால்தான் இன்டர்னல் மார்க்” என்று சர்க்குலர் போட்டுவிடுவீர்களோ என்பதுதான் அது. தயவுசெய்து வேண்டாம். 2020 அக்டோபரில் என்ன நடந்தது என்று நினைவிருக்கலாம். ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்வில் நான்கு திருத்தம் அனுப்பினால் ஒரு டி-ஷர்ட். எப்படி அனுப்புவது என்று காட்ட ஒரு வீடியோ. ஆயிரக்கணக்கானோர் முன்பின் தெரியாத திட்டங்களின் ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ‘அருமையான புராஜெக்ட்’ என்று ஒரு வரி சேர்த்து அனுப்பித் தள்ளினார்கள். பராமரிப்பவர்கள் நாள் முழுக்கக் குப்பை அள்ளினார்கள். சில நாட்களிலேயே, விரும்பிப் பதிவுசெய்த திட்டங்களுக்கு வரும் திருத்தம் மட்டுமே கணக்கு என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று. 2024 தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ் ஜேஎஸ் என்ற வலை நிரல் திட்டத்திலும் இதே கூத்து. பாட வீடியோ ஒன்றைப் பார்த்து நம் ஊர் மாணவர்கள் ரீட்மீயில் தங்கள் பெயரை எழுதி வரிசையாக அனுப்பினார்கள். அந்தப் பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. எண்ணிக்கையைக் கேட்டார்கள், எண்ணிக்கையைக் கொடுத்தார்கள். இப்போது ஏஐ வேறு வந்துவிட்டது. இணையத்தில் தரவை அனுப்பி வாங்கும் கர்ல் என்ற கருவியை 1990களிலிருந்து பராமரிக்கும் டேனியல் ஸ்டென்பெர்க், இயந்திரம் எழுதிய போலிப் பிழை அறிக்கைகளைப் படித்தே நேரம் போகிறது என்று வெளிப்படையாகப் புலம்பியிருக்கிறார்.

இந்தத் திட்டங்களின் மறுமுனையில் பெரும்பாலும் ஒரு ஆள், சம்பளம் இல்லாமல், இரவில். 2024-ல் எக்ஸ்இசட் என்ற, கோப்பைச் சுருக்கும் நிரலில் திருட்டுத்தனமாக நுழையப் பின்கதவு வைக்கப்பட்ட கதை அப்படித்தான் ஆரம்பித்தது. களைத்துப்போன ஒற்றைப் பராமரிப்பாளரை நச்சரித்து, உதவிக்கு வருகிறேன் என்று ஒருவர் பெயருக்குள் ஒளிந்துகொண்டு ஆண்டுக்கணக்கில் நம்பிக்கையைச் சம்பாதித்துவிட்டார்கள். அதைக் கண்டுபிடித்தவர் போஸ்ட்கிரெஸ் நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட். தன் கணினியில் எஸ்எஸ்ஹெச் (வேறு கணினியிலிருந்து பாதுகாப்பாக உள்ளே நுழையும் வழி) லாகின் வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைப் பார்த்து, ஏன் என்று விடாமல் தோண்டினார். அரை நொடி! நம் ரெவ்யூவில் அரை நொடிக்கு யார் மார்க் போடுகிறோம்?

மார்க் எப்படிப் போடுவது என்று கேட்பீர்கள். எண்ணிக்கையை விடுங்கள். மாணவனுக்கும் அந்தத் திட்டத்தின் பராமரிப்பாளருக்கும் நடந்த உரையாடலை அச்செடுத்து மேசையில் வையுங்கள். என்ன பிழை, முதலில் எப்படிச் சரிசெய்தான், எதைத் தவறு என்றார்கள், எப்படித் திருத்தினான், எல்லாம் தேதியோடு இருக்கும். திருத்தத்தை ஏற்கவில்லை என்றாலும் பரவாயில்லை. ஏன் ஏற்கவில்லை என்று அவனால் சொல்ல முடிந்தால் முழு மார்க் கொடுக்கலாம். எட்டாவது செமஸ்டர் புராஜெக்டுக்குப் பத்து கிரெடிட், வாரத்துக்கு இருபது பீரியட். அவ்வளவு நேரம் தாராளமாகப் போதும், ஆனால் பதில் வரக் காத்திருக்க வேண்டிய வேலை என்பதால் ஆறாவது செமஸ்டரிலேயே தொடங்கிவிடுவது நல்லது. விலைக்கு வாங்கியதா என்ற சந்தேகமும் போய்விடும். நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிந்து வைக்கும் கிட் வரலாற்றைத் திறந்தால் தெரியும். வாங்கிய புராஜெக்டில் ஒரே ஒரு கமிட், அதாவது ஒரே ஒரு பதிவு, இருக்கும், ரெவ்யூவுக்கு முந்தின ராத்திரி, ‘ஃபைனல்’ என்ற பெயரில்.

கல்லூரிக்குள்ளேயே தொடர்வது இன்னும் எளிது. துறைக்கு ஒரு பொது ரெப்போ, அதாவது நிரல் களஞ்சியம். ஒவ்வொரு அணியும் தன் நிரலை அங்கே வைக்க வேண்டும், சிடியில் அல்ல. உரிமம் என்ன என்பதை முதல் நாளே ஒரு கோப்பில் எழுதிவிட வேண்டும். இதை லேசாக நினைக்காதீர்கள். விஎல்சியின் மையப் பகுதியை ஜிபிஎல்லிலிருந்து அதைவிடத் தளர்வான எல்ஜிபிஎல் உரிமத்துக்கு 2011 வாக்கில் மாற்ற நினைத்தபோது, எப்போதோ கோடு எழுதிவிட்டுப் போன நூற்றுக்கும் மேற்பட்டவர்களைத் தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது. உங்கள் பழைய மாணவர்கள் பாதிப் பேர் துபாயிலும் டெக்சாஸிலும் இருப்பார்கள். வைவாவுக்கு வரும்போது, சீனியர் கோடில் எதை மாற்றினாய், ஏன் மாற்றினாய் என்று கேளுங்கள். ஜூனியர் ஒருவனை உட்கார வைத்து, ரீட்மீயை மட்டும் படித்து அதை ஓட வைக்கச் சொல்லுங்கள். ஓடினால் ரிப்போர்ட்டே வேண்டாம் என்பேன். அவ்வளவு தூரம் வர மாட்டீர்கள், தெரியும்.

கைடுகளுக்கே இது தெரியாதே என்பது ஒரு சங்கடம். ஒரு ஆசிரியருக்கு ஆறு அணி, மேலே அங்கீகாரத்துக்கான என்பிஏ ஃபைல், நாக் ஃபைல், அட்மிஷன் சமயத்தில் ஊர் ஊராக அலைச்சல் வேறு. அவர்கள் இதையும் தலையில் சுமக்க வேண்டியதில்லை. சென்னையில் லினக்ஸ் பயனர் குழு பல காலமாக இருக்கிறது. விழுப்புரத்தில் ஒரு குழு கிராமத்துப் பிள்ளைகளுக்கே சொல்லிக் கொடுக்கிறது. கணியம் இதழில் தமிழிலேயே படிக்கலாம். கூப்பிட்டால் வருவார்கள். லிப்ரே ஆபிஸ் போன்ற பெரிய திட்டத்தில் கையை வைக்க வேண்டாம் என்று மட்டும் நான் சொல்வேன். நான்கு ஜிபி மெமரி உள்ள மடிக்கணினியில் அதைக் கம்பைல் செய்ய ஆரம்பித்தால் இரவு முழுக்க ஃபேன் சத்தம்தான் கேட்கும். சின்னதாக, ஒரு ஆள் பராமரிக்கிற, பதில் சொல்கிற திட்டமாகப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள்.

ப்ளேஸ்மென்டுக்கு உதவுமா என்று உங்கள் சேர்மன் கேட்பார். நான் இன்டர்வியூ எடுக்கிறவன், உண்மையைச் சொல்கிறேன். முதல் சுற்றில் உதவாது, அங்கே ஆப்டிட்யூட்தான். இரண்டாவது சுற்றில் ஒரு பெண், தன் திருத்தத்தை யாரோ நிராகரித்த கதையைச் சொல்ல ஆரம்பித்தால், நான் மற்ற கேள்விகளை மூடி வைத்துவிடுகிறேன்.

அந்த பஸ் செயலிக்குத் திரும்பி வருகிறேன். அதை எழுதிய சீனியர்கள் எங்கேயோ வேலையில் இருப்பார்கள். பஸ் இன்னும் அதே மேம்பாலத்துக்கு அடியில்தான் போகிறது. கேட்ட மாணவியும் இப்போது பாஸ் செய்து போய்விட்டாள். ஆனால் அடுத்த செட்டில் யாராவது கேட்பார்கள். அந்த சிடி உங்களில் ஒருவரின் துறைக் கண்ணாடி பீரோவில்தான் இருக்கிறது, நானே பார்த்தேன், மூன்றாவது தட்டு, கருநீல அட்டை. சிடி டிரைவ் என்னிடம் பழையது ஒன்று இருக்கிறது, கொண்டுவருகிறேன். டிசம்பரில் ஜீரோத் ரெவ்யூ வைக்கும்போது கூப்பிடுங்கள். பொன்னாடை வேண்டாம். பீரோ சாவி யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் முந்தின நாளே விசாரித்து வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
2007-ல் ரெக்சின் அட்டையோடு வெளியே வந்த உங்கள் பழைய மாணவன்